என் நினைவில் இல்லாத மூன்று இரவுகள்

2024 மார்ச் மாதத்து கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டில் அந்த வரி பெட்ரோலுக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் நடுவில் இருந்தது. ஏதோ ஒரு 'ஹாஸ்பிட்டாலிட்டி பிரைவேட் லிமி' என்று பாதியில் வெட்டுப்பட்ட பெயர். அருகில் திருப்பூர் என்று ஊர். 6,384 ரூபாய். நான் திருப்பூருக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது.

பொறியியல் படித்தவனுக்கு ஒரு எண்ணைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. 6,384-ஐ 1.12-ஆல் வகுத்தேன். சரியாக 5,700 வந்தது. அப்போது ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம். ஆக, இது ஹோட்டல் பில்லேதான். 2,850 வீதம் இரண்டு இரவு, அல்லது 1,900 வீதம் மூன்று இரவு. யாரோ ஒருத்தன் என் காசில் எங்கேயோ தூங்கி எழுந்து போயிருக்கிறான். அவன் தூங்கியிருக்கும் அறை, அதன் மெத்தை விரிப்பு, மேஜை மேல் பிளாஸ்டிக் ஜக்கு எல்லாம் எனக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. கோபம் வந்தால் கற்பனை நன்றாக ஓடுகிறது.

கொரோனாவில் பெங்களூரை விட்டு வந்தவன் திரும்பிப் போகவில்லை. நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு வெளியே இந்திரா நகரில், அப்பா ஓய்வுபெற்றதும் கட்டிய வீட்டில் மாடி அறை என் அலுவலகம். கீழே இறங்கிப் போய் அப்பாவிடம் காட்டினேன். அவர் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்வதற்கு முன், எண்பதுகளின் தொடக்கத்தில், சிதம்பரத்தில் ஒரு லாட்ஜில் சில வருஷம் கணக்கு எழுதியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "உன்னோடது இல்லன்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?" என்றார்.

"நான் போகவே இல்லப்பா."

"போனியான்னு கேக்கல. உன்னோடதா இல்லையான்னுதான் கேட்டேன்."

அப்போது அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை. பெரியவர்கள் சில சமயம் இப்படித்தான் பேசுவார்கள் என்று விட்டுவிட்டேன். அவர் லாட்ஜ் கதைக்குப் போய்விட்டார். டீ கொண்டு போகிற பையன் வந்து "ஒண்ணாம் நம்பர் ரெண்டு டீ" என்பானாம். சீட்டில் எழுதும்போது ஒன்று ஏழு மாதிரி விழும். காலையில் ஏழாம் நம்பர்காரர் தாம் தூம் என்று குதிப்பார். ஒன்றாம் நம்பர்காரர் அதிகாலை பஸ்ஸைப் பிடித்துப் போயிருப்பார். "ஏழாம் நம்பர்காரன் சொல்றதுதான் நெசம். ஆனா அதுக்காக ஒண்ணாம் நம்பர்காரன் திருடன்னு ஆயிடாது" என்றார்.

ஸ்டேட்மென்ட்டில் வரும் பெயர்கள் ஏன் இத்தனை விசித்திரமாக இருக்கின்றன என்பது எனக்குத் தொழில்முறையில் தெரியும். கார்டைத் தேய்த்ததும் ஓடுகிற செய்தி ஐஎஸ்ஓ 8583 என்ற பழைய வடிவத்தில் இருக்கும். அதில் 43-ஆவது புலத்தில்தான் கடையின் பெயரும் ஊரும். மொத்தம் 40 எழுத்துக்கள். வாசலில் வேறு ஒரு பெயர் மின்னும். வங்கிக் கணக்கு வைத்திருக்கும் கம்பெனிக்கு அந்தப் பெயர் இருக்காது. கம்பெனியைப் பதிவு செய்த ஊரும் ஹோட்டல் இருக்கும் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே, தெரியாத ஹோட்டல் பெயரைப் பார்த்தால் முதலில் செய்ய வேண்டியது பதறாமல் இருப்பது. தேதியைப் பார்த்து, மெயிலில் அந்தத் தொகையைத் தேடி, வீட்டில் யாரிடமாவது ஆட்-ஆன் கார்டு இருக்கிறதா என்று கேட்டு, அந்தக் கம்பெனி பெயரை ஜிஎஸ்டி எண்ணோடு தேடினால் பாதி மர்மம் அவிழ்ந்துவிடும். இதையெல்லாம் நண்பர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். எனக்கென்று வந்தபோது ஒன்றைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை.

எஸ்எம்எஸ்ஸில் தேடினேன். பிப்ரவரி 27, இரவு 11.48-க்கு ஒரு தகவல் வந்து, படிக்கப்படாமல் நானூறு விளம்பரங்களுக்கு அடியில் கிடந்தது. ஓடிபி வந்ததற்கான தடயம் இல்லை. ஓடிபி செய்திகள் 24 மணி நேரத்தில் தானே அழிந்துவிடும்படி நான்தான் அமைத்திருந்தேன். அந்த இரவு அலுவலகத்தில் ஒரு பெரிய பிரச்சினை. சர்வர் விழுந்து, ஒன்பது பேர் அழைப்பில் கத்திக்கொண்டிருந்தோம். திருடன் சரியான நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கார்டை முடக்கினேன். டிஸ்ப்யூட் போட்டேன்.

படிவத்தில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை, யாருக்கும் அனுமதி தரவில்லை.' தேர்ந்தெடுத்தேன். அது ஒரு சத்தியப்பிரமாணம் என்று அப்போது தோன்றவில்லை. நாம் ஒரு நாளில் எத்தனையோ கட்டங்களைத் தட்டுகிறோம். நீதிமன்றத்தில் கூண்டேறி நின்று சொல்ல வேண்டிய வாக்கியங்களைக் கட்டைவிரலால் சொல்லிப் பழகிவிட்டோம்.

வங்கி முதலில் மறுத்தது. ஓடிபி போட்டு உறுதி செய்யப்பட்ட பரிவர்த்தனை, ஆகவே உங்கள் பொறுப்பு என்றார்கள். இங்கேதான் என் திறமை வெளிப்பட்டது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினேன். வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போயிருந்தால், தகவல் வந்த மூன்று வேலைநாட்களுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு இழப்பே கிடையாது. நான்கிலிருந்து ஏழு நாட்கள் என்றால் ஓர் உச்சவரம்பு வரை இழப்பு. அதற்கும் மேல் போனால் வங்கியின் கொள்கைப்படி. எனக்கு ஏழு தாண்டியிருந்தது. ஆனால் அதே சுற்றறிக்கையில்தான், வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்ற வரியும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டேன். ஓடிபி பதிவாகியிருப்பது அதை நான் போட்டேன் என்பதற்கு ஆதாரம் ஆகாது, சிம் ஸ்வாப் இருக்கிறது, எஸ்எம்எஸ்ஸைத் திருடும் செயலிகள் இருக்கின்றன என்று மூன்று பக்கம். குறைதீர்ப்பு அதிகாரிக்கு நகல். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ஆம்புட்ஸ்மேனிடம் போவேன் என்று கடைசிப் பத்தி. ஒன்பதாவது வேலைநாளில் 6,384 ரூபாய் தற்காலிகமாகத் திரும்பி வரவு வைக்கப்பட்டது. அன்றைக்கு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து உடம்பு முடியாமல் நின்றவர். கேஒய்சி அப்டேட் என்று வந்த அழைப்பில் ஓடிபியைச் சொல்லிப் பதினெட்டாயிரம் போனது. அவரும் வங்கிக்குப் போனார். "நீங்கதானய்யா நம்பர் சொன்னீங்க?" என்று கேட்டார்கள். "ஆமாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். உண்மையைச் சொன்னதால் அவருடைய வழக்கு இரண்டு வரியில் முடிந்துபோனது. பாதிக்கப்பட்ட நியாயஸ்தனாக நான் நடந்துகொண்டிருந்தபோது அவரை நினைத்துப் பரிதாபப்பட்டேன். எனக்குத் தெரிந்த சட்டம் அவருக்குத் தெரியவில்லையே என்று.

வரவு வைக்கப்பட்ட இரண்டாவது வாரம் பள்ளிக்கூட நண்பன் கூப்பிட்டான். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"மச்சி, தப்பா எடுத்துக்காத. பாண்டி லாட்ஜ்ல இருந்து ஃபோன் மேல ஃபோன். அன்னைக்கு நீ கட்டின காசு அவங்களுக்கு வரலையாம், பேங்க்ல பிடிச்சு வச்சிருக்காங்களாம். நான் உனக்குத் திருப்பித் தரலைன்னு... அதனாலயாடா?"

எனக்குத் தலை சுற்றியது. பிப்ரவரி 27. அவனுடைய அம்மா ஜிப்மரில். கூட இருப்பவர்கள் தங்க கோரிமேட்டுப் பக்கம் ஒரு லாட்ஜ். மூன்று நாள் வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள். அவன் கையில் இருந்ததெல்லாம் மருந்துக்கும் ஸ்கேனுக்கும் போயிருந்தது. மாசக் கடைசி, என் அக்கவுண்ட்டிலும் ஒன்றும் இல்லை. "கார்டு ஃபோட்டோ அனுப்புறேன், லிங்க்ல போடு, ஓடிபி வந்தா சொல்றேன்" என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். வாட்ஸப்பில் ஒரு தடவை மட்டும் பார்க்கக்கூடிய படமாக அனுப்பியிருக்கிறேன், பாதுகாப்புக்காக. ஒரு காதில் சர்வர், ஒரு காதில் அவன். ஆறு எண்களைச் சொல்லிவிட்டுத் திரும்ப சர்வருக்குள் போய்விட்டேன். ஐந்தாம் நாள் அவன் அம்மா இறந்துபோனார். நான் காரியத்துக்குப் போனேன், சாப்பிட்டேன், அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதும் அந்த இரவு நினைவுக்கு வரவில்லை. அவனுக்கும் வரவில்லை, அவனுக்கு எப்படி வரும்?

இப்போது சுற்றறிக்கையை மறுபடி படியுங்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் வந்த இழப்பை, அவர் புகார் தரும்வரை, அவரே ஏற்க வேண்டும். கவனக்குறைவு என்பதற்கு அங்கே தரப்படும் உதாரணம், கார்டு விவரங்களையும் ரகசிய எண்களையும் இன்னொருவரிடம் பகிர்ந்துகொள்வது. விதி சரிதான். தெருப் பெரியவரை ஏமாற்றியவனும் அதே ஆறு எண்களைத்தான் வாங்கினான். ஆனால் அந்த பிப்ரவரி மாதம் முழுக்க நான் செய்த காரியங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், யோசிக்காமல் ஒரு நண்பனுக்கு ஓடிபி சொன்னதைவிட உருப்படியாக எதுவும் செய்யவில்லை. சட்டத்தின் அகராதியில் அதன் பெயர் கவனக்குறைவு. குவார்ட்டர்ஸில் வளர்ந்த காலத்தில் அம்மா வெளியே போனால் சாவி எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து அப்பா வந்தால் அங்கே வாங்கிக்கொண்டு வருவார். சாவியை எங்கே கொடுத்தோம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை; எழுதி வைத்திருந்தால் அது எதிர்வீட்டு அக்காவுக்கு அவமானமாக இருந்திருக்கும். அப்படிக் கொடுத்துவைத்ததை மறந்துவிட்டு, 'என் வீட்டுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள்' என்று கூச்சல் போட்டவன் நான்.

இது ஞாபகமறதிப் பிரச்சினைதானே, இதில் என்ன தர்மசங்கடம் என்று கேட்கலாம். நானும் அப்படிச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். நான் பொய் சொல்லவில்லை. சொன்னபோது அதை முழுமனதோடு நம்பினேன். ஆனால் 'எனக்கு நினைவில்லை' என்பதிலிருந்து 'நான் செய்யவில்லை' என்பதற்குத் தாவியது யார்? அந்தத் தாவலுக்கு யார் அனுமதி கொடுத்தது?

நம் பழைய தர்க்கக்காரர்கள் இதை விட்டுவைக்கவில்லை. மணிமேகலையில் சமயக்கணக்கர்கள் வரும் காதையில் வைதிகவாதி அறிவுக்கான அளவைகளை அடுக்கும்போது அபாவம் என்று ஒன்றைச் சொல்கிறான். இல்லாமையை அறிவது. மீமாம்சையில் குமாரில பட்டரின் மரபும் அத்வைதமும் இதை அனுபலப்தி என்று தனி அளவையாக ஏற்கின்றன, நியாயம் ஏற்பதில்லை. மேஜை மேல் குடம் இல்லை என்பதை எப்படி அறிகிறேன்? குடம் காணப்படவில்லை, அதனால். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இருந்திருந்தால் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும் என்கிற நிலைமை இருக்க வேண்டும். இருட்டறையில் குடம் காணப்படாததை வைத்து, குடம் இல்லை என்று சொல்லக் கூடாது. பிப்ரவரி 27 இரவு 11.48-க்கு என் மண்டை இருட்டறை. அங்கே குடம் தட்டுப்படவில்லை என்று மூன்று பக்கம் மெயில் எழுதியிருக்கிறேன்.

தெரியாத பற்றுச்சீட்டு ஒன்று நல்ல நேரத்தில் வந்து நிற்கும் கதை எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் தடுத்தாட்கொண்ட கதை. சுந்தரரின் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, உன் பாட்டன் எனக்கு அடிமை ஓலை எழுதிக் கொடுத்திருக்கிறான், நீ என் அடிமை என்கிறார். சுந்தரர் சிரிக்கிறார், பித்தனோ என்கிறார், ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழிந்தது நகல்தான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். அங்கே சபை கூடுகிறது. பக்தியை ஒரு நிமிஷம் ஒதுக்கிவிட்டு வழக்காகப் பார்த்தால் அசந்துபோவீர்கள். சுமை குற்றம் சாட்டுபவர் மேல் வைக்கப்படுகிறது. ஆட்சி, ஆவணம், காட்சி, அதாவது நடைமுறை, எழுத்து, சாட்சி, இந்த மூன்றில் ஒன்றால் நிறுவு என்று கிழவரைக் கேட்கிறார்கள். மூல ஓலை வருகிறது. பாட்டனார் எழுதிய வேறு ஓலையைக் காப்பிலிருந்து எடுத்து வந்து கையெழுத்தை ஒப்பிடுகிறார்கள். ஒத்துப்போகிறது. சுந்தரர் தோற்கிறார். அவருக்கும் அந்த ஓலை நினைவில் இல்லை; இருக்க வாய்ப்பே இல்லை, எழுதியவர் பாட்டனார். வந்து நின்றவர் யார் என்று நமக்குத் தெரிந்திருப்பதால் நிம்மதியாகப் படிக்கிறோம். தெரியாவிட்டால் எவ்வளவு பயங்கரமான கதை அது.

ஆவணம் மட்டும் போதுமா என்ற கேள்வியை எங்கள் ஊரில் இருந்துகொண்டு லேசாகக் கேட்க முடியாது. 2023 ஜூலையில், சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், கதிர் பிடித்த நெல்வயலுக்குள் கால்வாய் வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல வருஷங்களுக்கு முன்பே சுரங்கத்துக்காகக் கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் பக்கம், ஆவணம் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகும் வருஷா வருஷம் உழுது விதைத்துக்கொண்டிருந்தார்கள், அது ஆட்சி. வழக்கு உயர்நீதிமன்றம் போய், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உத்தரவானது. அப்பாவுக்குச் சோறு போட்டது அந்தச் சுரங்கம்தான். அந்தப் படங்களை அவர் டிவியில் பார்த்தபோது ஒன்றும் சொல்லவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தார். என்றைக்கோ போட்ட கையெழுத்து இன்றைக்கு என்னை எந்த அளவுக்குக் கட்டும் என்பது ஹோட்டல் பில்லைவிடப் பெரிய கேள்வி. ஆனால் அதே கேள்விதான்.

சரி, என் பில்லுக்கு வருகிறேன். டிஸ்ப்யூட்டைத் திரும்பப் பெற முடிவு செய்தேன். செயலியில் தேடினேன். 'நான் செய்யவில்லை', 'தொகை தவறு', 'சேவை கிடைக்கவில்லை', 'இரண்டு முறை பிடித்துவிட்டார்கள்' என்று கடைக்காரர்கள் தவறு செய்யக்கூடிய எல்லா வழிகளுக்கும் கட்டம் இருந்தது. 'தவறு என்னுடையது' என்பதற்கு இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். அந்தப் பெண் இரண்டு முறை கேட்டார்: "சார், அமௌன்ட் ஆல்ரெடி கிரெடிட் ஆயிடுச்சே, ஏன் வித்ட்ரா பண்றீங்க?" பரிவர்த்தனை என்னுடையதுதான் என்றேன். "அப்ப ஏன் சார் டிஸ்ப்யூட் பண்ணீங்க?" என்ற நியாயமான கேள்வியை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

1974-இல் அமெரிக்காவில் வந்த ஒரு சட்டம், தகராறில் இருக்கும் தொகையை விசாரணை முடியும்வரை கட்டாமல் நிறுத்திவைக்கும் உரிமையைக் கார்டுக்காரர்களுக்குக் கொடுத்தது. பெரிய கம்பெனியின் முன்னால் தனி மனிதன் பலவீனமானவன் என்ற புரிதலில் எழுதப்பட்ட விதிகள் இவை. நமது விதிகளும் அப்படித்தான், இருக்கத்தான் வேண்டும். ஆனால் கோரிமேட்டில் பதினான்கு அறைகளை வைத்திருக்கும் ஒருவருக்கு முன்னால், ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதத் தெரிந்த நான் எந்த விதத்தில் பலவீனமானவன்? என் பொய்யை, இல்லை, என் தவறை, மூன்று பக்கம் காப்பாற்றியது. தெருப் பெரியவரின் உண்மையை அவருடைய ஒரு வார்த்தையே தோற்கடித்தது. அவருக்காக இப்போது ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காலம் கடந்த மனு. பெரிதாக நம்பிக்கை இல்லை. பிராயச்சித்தம் மாதிரி இருக்கிறது என்று அப்பா சொன்னார், கிண்டலாகவா என்று தெரியவில்லை.

வாபஸ் மெயில் வேலை செய்ய மூன்று வாரம் ஆனது. அதற்குள் நண்பன் 6,384 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டான். திருப்பி அனுப்பலாமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். வேண்டாம் என்றால் 'அதனாலயாடா?' என்று அவன் கேட்டதற்கு 'ஆமாம்' என்று ஆகிவிடும். வாங்கிக்கொண்டால் அவன் அம்மா படுத்திருந்த இரவுகளின் வாடகையை வசூலித்ததாகிவிடும். வாங்கிக்கொண்டேன். கடனைக் கட்டிவிட்ட நிம்மதியையாவது அவனிடமிருந்து பிடுங்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். சரியா என்று இன்னும் தெரியாது.

லாட்ஜுக்கு நானே ஃபோன் செய்தேன். மேனேஜர் எடுத்தார். வயசானவர் குரல். தவறு என்னுடையது, பேங்குக்கு எழுதிவிட்டேன், சீக்கிரம் வந்துவிடும் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அதுக்கென்ன சார், வரும். எங்களுக்கு மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு இப்படி ஆகுது" என்றார். ரிஜிஸ்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. "பன்னெண்டாம் நம்பர். மூணு நாளுக்குப் போட்டுட்டு, ரெண்டாவது நாளே பொருளெல்லாம் எடுத்துக்கிட்டு ஐசியூ வாசலுக்குப் போயிட்டாங்க. ஒரு நாள் வாடகை நான்தான் திருப்பித் தரணும். அந்தத் தம்பிகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு இருந்தேன். அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க சார்?"